கையை வைத்துப் பார்க்கச் சொல்லும் இடம்: சான்ஃபிரான்சிஸ்கோ எக்ஸ்ப்ளோரட்டோரியம்

எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் மியூசியத்துக்குப் போகலாமா, பிள்ளைகளுக்குப் பிடிக்குமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் "கண்டிப்பா போங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டு, இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். போன மே மாதம் மதுரையிலிருந்து அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். அவனையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் போனவர்கள் மூடுகிற நேரம் வரை அங்கேயே இருந்தோம். அவன் பதினொன்றாம் வகுப்பு முடித்தவன், தமிழ்வழி, இயற்பியலில் நல்ல மார்க் வாங்குகிறவன். இவளுக்கு ஒன்பது வயது, இயற்பியல் என்ற சொல்லே அவளுக்குப் புதிது. இரண்டு பேருக்கும் அந்த இடம் எப்படி இருந்தது என்பதை எழுதினாலே கேட்கிறவர்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

இடம் பியர் 15. எம்பார்க்கடேரோ பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, ஃபெர்ரி பில்டிங்கைத் தாண்டி, கடலை ஒட்டியே வடக்குப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். பழைய கப்பல்துறைக் கொட்டகை அது, கடல்மேல் கால் ஊன்றி நீளமாகப் போகிறது. உள்ளே நுழைந்ததும் மியூசியம் என்கிற எண்ணமே வராது. கண்ணாடிப் பெட்டி கிடையாது, "தொடாதே" பலகை கிடையாது; ஒரு பெரிய பட்டறைக்குள் நூற்றுக்கணக்கில் மேசைகளைப் போட்டு எல்லாரையும் விளையாட விட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன அட்டை. அதில் முதலில் என்ன செய்து பார்க்கலாம், எதைக் கவனிக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கம் அதற்குப் பிறகு, கீழேதான் வருகிறது. இந்த வரிசையை நான் ரொம்பவும் மதிக்கிறேன். நம் பாடப்புத்தகங்களில் முதலில் விதி, அப்புறம் சமன்பாடு, கடைசியில் நேரம் இருந்தால் செய்முறை. இங்கே தலைகீழ்.

எங்களைக் கட்டிப்போட்டது ஒரு ஊசல். நல்ல கனமான உருளை ஒன்று மேலேயிருந்து தொங்குகிறது, அதன் இடுப்பைச் சுற்றி இரும்பு வளையம். சுற்றி நிற்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு சின்னக் காந்தம். காந்தத்தை வீசினால் போய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் கருவி. மகள் முதலில் என்ன செய்தாள் என்றால், காந்தத்தை வீசி ஒட்டவைத்து, பலம் கொண்டமட்டும் ஒரே இழுப்பு. காந்தம் பொட்டென்று விடுபட்டுத் திரும்பி வந்தது, ஊசல் அசையவே இல்லை. மறுபடி வீசினாள், மறுபடி இழுத்தாள், ஏழெட்டுத் தடவை இதேதான். பக்கத்தில் அட்டை இருந்தது, நான் படித்துச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது எனக்குச் சுலபமாக இல்லை. அக்கா மகன் அந்தப் பக்கம் நின்று ஒட்டின காந்தத்தை மெதுவாக, விரல் நுனியால் இழுப்பது போல இழுத்தான், விட்டான், ஊசல் தன் பக்கம் வரும்போது மறுபடி அதே அளவு இழுத்தான். முதல் ஐந்தாறு இழுப்புக்கு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் ஒரு விரற்கடை அசைவு. அப்புறம் இரண்டு விரற்கடை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கனமான உருளை ஒரு முழம் அகலத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது, அவன் கையில் இருந்ததோ நூல் மாதிரி ஒரு கயிறு.

"சித்தி, இதான் ஒத்ததிர்வு. பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வி" என்றான். சொன்ன உடனே அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, முகத்தில் தெரிந்தது. வரையறையை எழுதி மார்க் வாங்கியிருக்கிறான், ஆனால் அது கையில் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. மகளுக்கு அந்தச் சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "ஊஞ்சல் தள்ற மாதிரி அண்ணா" என்றாள். அதேதான். ஊஞ்சல் திரும்பி வருகிற நேரம் பார்த்து லேசாகத் தள்ளினால் போதும், நேரம் தவறித் தள்ளினால் ஓடுகிற ஊஞ்சலும் நின்றுவிடும் என்பது ஊஞ்சல் ஆட்டின எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கப்புறம் அவள் தானாகவே ஒரு வேலை செய்தாள்: ஆடிக்கொண்டிருந்த ஊசலைத் தன் கயிற்றால், அது எட்டிப் போகிற நேரமாகப் பார்த்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள். அட்டையில் அது இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அந்த ஊசல் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

இந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய இதை ஆரம்பித்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் ராபர்ட் ஓப்பன்ஹைமருடைய தம்பி, எட்டு வயது இளையவர், அவரும் இயற்பியலாளர், அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை 1949இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் ஒப்புக்கொண்டதோடு மினசோட்டா பல்கலைக்கழக வேலை போனது, வேறெங்கும் இயற்பியல் வேலை கிடைக்கவும் விடவில்லை. கொலராடோவில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர்ப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்துக் காலத்தை ஓட்டினார். 1957இல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போனார். பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய், கிடக்கிற பழைய எந்திரங்களைப் பிரித்துப் பார்த்துப் பாடம் நடத்தினவர். அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் நூலகத்துக்குள் நுழைவது போல நுழைந்து தாங்களாகவே செய்து பார்க்க ஒரு சோதனைக் கூடம் அமைத்தார். 1965இல் ஐரோப்பா போனபோது லண்டன், பாரிஸ், மியூனிக் அறிவியல் அருங்காட்சியகங்களைப் பார்த்தார். 1969இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், 1915 உலகக் கண்காட்சிக்காகக் கட்டின பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்தில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தார். 1985இல் இறக்கும்வரை அவர்தான் இயக்குநர். பியர் 15க்கு மாறினது 2013 ஏப்ரலில். குப்பைமேட்டில் பாடம் எடுத்த ஒருவர் கட்டின இடம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால், எந்திரங்களின் போல்ட்டும் மரச்சட்டமும் மூடாமல் அப்படியே தெரிகிற மாதிரி ஏன் விட்டிருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே புரிகிறது.

அடுத்தது ஒரு சுருள்வில். ஒரு பெட்டி மாதிரி அமைப்பு, உள்ளே குழி ஆடி, அதாவது உள்பக்கமாகக் குழிந்த கண்ணாடி, இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில், வெட்டவெளியில், ஒரு சுருள்வில் தொங்குகிறது. பளபளப்பு, கம்பியின் வளைவு, நிழல், எல்லாம் இருக்கிறது. கையை நீட்டினால் விரல்கள் அதன் ஊடே போய்விடுகின்றன. மகள் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், கத்தரிக்கோல் மாதிரி விரல்களை வைத்து வெட்டிப் பார்த்தாள், வாயால் ஊதிப் பார்த்தாள். அக்கா மகன் சத்தமில்லாமல் குனிந்து கீழே ஒளிந்திருந்த நிஜச் சுருள்வில்லைத் தேடிக் கண்டுபிடித்தான். குழி ஆடியின் வளைவு மையத்தில் பொருள் இருந்தால் பிம்பமும் அங்கேயே, அதே அளவில், தலைகீழாக, மெய் பிம்பமாக விழும் என்று அவன் நோட்டில் கதிர்ப்படம் வரைந்திருக்கிறான். மெய் பிம்பம் என்றால் திரையில் பிடிக்கலாம் என்பதுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது. திரை இல்லாமலே காற்றில் நிற்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லையாம்.

அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண் வந்து, போன் டார்ச்சைப் போட்டு அந்தப் பிம்பத்தின் மேல் அடித்துப் பார்க்கச் சொன்னாள். இல்லாத சுருள்வில் மேல் வெளிச்சம் விழுந்து அது பிரகாசமானது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சம் பிம்பம் இருக்கிற இடம் வழியாகப் போய் ஆடியில் பட்டு, பிம்பத்தை உண்டாக்குகிற ஒளி வந்த அதே வழியில் எதிர்த்திசையாக நிஜச் சுருள்வில்லுக்குப் போகிறது; அது ஒளிர, பிம்பமும் ஒளிர்கிறது. இதை அந்தப் பெண் எங்களுக்குச் சொல்லவில்லை. "வெளிச்சம் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அக்கா மகன் பத்து நிமிடம் கழித்து அதைத் தானே எனக்கு விளக்கினான், ஒரு பேப்பர் நாப்கினில் கதிர்ப்படம் போட்டு. அந்த நாப்கினை நான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு இப்படி நிறையப் பேர் நடமாடுகிறார்கள், எக்ஸ்ப்ளெய்னர் என்று பெயர், அதில் பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஆரம்ப நாளிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்து இந்த வேலைக்கு வைக்கிறார்கள். எல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றால் பிள்ளைகள் பின்வாங்கிவிடுவார்கள். தன்னைவிட மூன்று நாலு வயது கூடின அக்கா கேட்டால் வாய் திறக்கிறார்கள். இதை அன்றைக்குப் பத்து இடத்திலாவது பார்த்தேன்.

காற்றில் மிதக்கிற பந்தைப் பற்றி ஒரு விஷயம். மேல்நோக்கிக் காற்று ஊதுகிற குழாய், அதன் மேல் பெரிய பந்து மிதக்கும், குழாயைச் சாய்த்தாலும் விழாது. பார்த்த உடனே அக்கா மகன் "பெர்னௌலி" என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தான் (வேகமாக ஓடுகிற காற்றில் அழுத்தம் குறையும் என்று பாடத்தில் வருகிற விதியின் பெயர் அது). பேர் தெரிந்துவிட்டால் பார்த்தது முடிந்தது என்கிற பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது, அவனைக் குறை சொல்ல மாட்டேன். மகள்தான் பந்தைக் கையால் பக்கவாட்டில் இழுத்து, காற்றிலிருந்து பாதி வெளியே எடுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இங்க கை வை, காத்து இந்தப் பக்கம் வளைஞ்சு வருது" என்றாள். அவன் கையை வைத்தான். பந்து ஒரு பக்கம் விலகும்போது, அதன் வளைவை ஒட்டிக்கொண்டே காற்றும் அந்தப் பக்கமாகத் திரும்பி அடிக்கிறது. காற்றை வெளிப்பக்கம் திருப்புகிற பந்தை, காற்று எதிர்ப்பக்கம், அதாவது நடுவுக்குத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி உள்ளங்கையில் பட்டது. பெர்னௌலி என்ற பெயரை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இது தெரிய வாய்ப்பே இல்லை. அவன் ரொம்ப நேரம் பந்தின் மேல்பக்கத்தில் கையை மெல்ல நகர்த்திக்கொண்டே நின்றான்.

சுழலும் மேடையில் நின்று காலால் உந்திச் சுற்றிவிட்டு, உடம்பைக் கம்பத்தோடு ஒட்டினால் சுழற்சி வேகமெடுக்கிற எந்திரம் இருக்கிறது. கோண உந்தம் மாறாக் கொள்கை என்று பத்துப் பக்கம் படிப்பதை வயிற்றில் உணரலாம். சாப்பிட்ட உடனே ஏறாதீர்கள். சுவரில் நிழல் உறைந்து நிற்கிற இருட்டறையில் மகள் இருபது தடவை குதித்தாள். கழிப்பறைப் பீங்கானில் குடிதண்ணீர் வருகிற மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், சுத்தமான தண்ணீர், பயன்படுத்தாத புதுப் பீங்கான், எல்லாம் தெரிந்தும் குடிக்க மனம் வரவில்லை. அது இயற்பியலில் சேராது என்றாலும் பிள்ளைகள் அதைத்தான் ஸ்கூலில் போய்ச் சொல்வார்கள்.

இதே மாதிரி "செய்து பாருங்கள்" என்று சொல்லிக்கொள்கிற வேறு இடங்களுக்கும் நாங்கள் போயிருக்கிறோம். ஒன்றில், பெயர் வேண்டாம், பத்துப் பொத்தானில் ஆறு வேலை செய்யவில்லை; வேலை செய்த நாலிலும் பொத்தானை அமுக்கினால் ஒரு விளக்கு எரியும், ஒரு மோட்டார் சுற்றும், அதோடு சரி. மகள் ஓடி ஓடிப் பொத்தான்களை அமுக்கினாள், எதன் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்கவில்லை, நான் அவளைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். தப்பு அவள்மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது. பொத்தானை அமுக்கினால் ஒரே ஒரு முடிவுதான் வரும் என்றால் அதன் முன்னால் நிற்க ஒன்றுமில்லை. ஊசலில் மெதுவாக இழுக்கலாம், வேகமாக இழுக்கலாம், தப்பான நேரத்தில் இழுக்கலாம், இரண்டு பேர் எதிரெதிராக இழுக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் அது ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். நான் இப்போது எந்த அறிவியல் கூடத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்: இதைத் தப்பாகச் செய்ய முடியுமா, செய்தால் அப்போதும் ஏதாவது கற்றுக்கொள்ள இருக்கிறதா.

இன்னொன்று, பட்டறை. கூடத்துக்கு உள்ளேயே, எல்லாரும் பார்க்கிற மாதிரி, கடைசல் எந்திரமும் மரவேலை மேசையுமாக ஒரு முழுப் பட்டறை இருக்கிறது. காட்சிப்பொருள்களை அங்கேயேதான் செய்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நாள் முழுக்க இழுத்து உலுக்குகிற சாமான் பழுதாகாமல் இருக்காது; சரி செய்கிற ஆள் பத்தடி தூரத்தில் இருந்தால்தான் இந்த மாதிரி இடம் நடக்கும். புதிதாக அறிவியல் கூடம் கட்டுகிறவர்கள் கட்டடத்துக்குப் போடுகிற காசில் ஒரு பங்கைப் பட்டறைக்கும் ஃபிட்டர் சம்பளத்துக்கும் எடுத்துவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். டிக்கெட் மலிவில்லை, நாலு பேர் குடும்பத்துக்கு நல்ல தொகைதான், அன்றைய விலையை இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் போவீர்கள் என்றால் மெம்பர்ஷிப் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பெரிய கொட்டகை என்பதால் கூச்சல் இருக்கும். சத்தம் தாங்காத பிள்ளை என்றால் காலையில் திறக்கிற நேரத்துக்கே போய்விடுவது நல்லது, கடல் பக்கம் வெளியே வந்து உட்காரவும் இடம் இருக்கிறது. ஸ்வெட்டர் கட்டாயம், மே மாதத்திலும் அந்தக் கடல்காற்று எலும்பில் ஏறும். இருட்டில் தடவித் தடவிப் போகிற டாக்டைல் டோமுக்குத் தனி டிக்கெட், முன்பதிவு வேண்டும், நாங்கள் போகவில்லை. வியாழன் மாலை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வர முடிந்தால் வாருங்கள், பெரியவர்களும் வரிசையில் நின்று ஊசல் இழுப்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் போகாதீர்கள். அறுநூறுக்கு மேல் இருக்கிறது, நாங்கள் ஒரு நாளில் உருப்படியாகப் பார்த்தது பதினைந்து இருக்கும். இன்னொன்று, பிள்ளை கையை வைக்கும் முன்னாலேயே அட்டையை உரக்கப் படித்து விளக்கம் சொல்லாதீர்கள். அங்கே நிறைய அப்பாக்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள், எங்கள் மொழி பேசுகிறவர்களும் அதில் இருந்தார்கள், பார்க்கவே பாவமாக இருந்தது. நாங்கள் பார்த்த அட்டைகள் ஆங்கிலத்தில்தான். அக்கா மகன் அதைத் தயங்கித் தயங்கித்தான் படித்தான், ஆனால் கருவியைப் புரிந்துகொள்வதில் அவன் யாருக்கும் பின்னால் இல்லை. ஊரிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஆங்கிலம் வராதே என்று யோசிக்கிறவர்கள் கவலைப்படாமல் கூட்டிப்போங்கள்.

போக முடியாதவர்களுக்கும் இவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். தங்கள் காட்சிப்பொருள்களை எப்படிச் செய்வது என்று அளவோடு, படத்தோடு 1970களிலேயே புத்தகமாகப் போட்டார்கள், சமையல் புத்தகம் என்றே அதற்குப் பெயர், மூன்று தொகுதி வந்தது. உலகத்தில் பல அறிவியல் கூடங்கள் அதைப் பார்த்துத்தான் செய்துகொண்டன. வீட்டில் கிடைக்கிற சாமான்களை வைத்துச் செய்கிற சின்ன வடிவங்களை ஸ்நாக்ஸ் என்று பெயர் வைத்து அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த ராத்திரியே அதில் ஒன்றைச் செய்தோம். இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கயிறு, கொஞ்சம் தொய்வாக. அதில் ஒரே நீளத்தில் இரண்டு நூல், நூலின் கீழே பாதித் தண்ணீர் ஊற்றின சின்ன பாட்டில் ஒவ்வொன்று. ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டால், அது மெல்ல மெல்ல அடங்குகிறது, அது அடங்க அடங்க மற்றது ஆட ஆரம்பிக்கிறது. முதலாவது கிட்டத்தட்ட நின்றே போய், பிறகு ஆட்டம் திரும்ப அதற்கு வருகிறது. யாரும் தொடவில்லை, நடுவில் அந்தத் தொய்ந்த கயிறு மட்டும்தான். மகள் ஒரு நூலைச் சுருக்கிக் கட்டினாள், அவ்வளவுதான், இரண்டாவது லேசாக அசைந்ததோடு சரி. மறுபடி நீளத்தைச் சமமாக்க ராத்திரி பதினொன்றரை வரை ஸ்கேலும் கையுமாக இருந்தார்கள்.

அவன் ஊருக்குப் போய் இரண்டு வாரத்தில் ஒரு வீடியோ அனுப்பினான். ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவே கயிறு, அதில் ஐந்து பாட்டில், நாலு வேறு வேறு நீளம், ஐந்தாவது மட்டும் ஓரமாகத் தனியே. "ஓரத்துல இருக்கறத ஆட்டப் போறேன், எது கூட ஆடும்னு பாப்பாவ சொல்லச் சொல்லுங்க சித்தி" என்று கீழே எழுதியிருந்தான். வீடியோவை நிறுத்திவைத்து, அவள் போனில் விரலை வைத்து நூல்களின் நீளத்தை ஒவ்வொன்றாக அளந்தாள். மூன்றாவது என்றாள். மூன்றாவதுதான் ஆடியது.